டீச்சர் பதில்கள்: "ஒரே மகன் துறவியாகப் போகிறேன் என்கிறான்"

போன இதழில், என் தம்பி விடுமுறைக்குக் கோலாலம்பூரில் செந்தூல் வந்திருந்ததைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அவன் பிரான்சிஸ்கன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவி. பழுப்பு நிற அங்கி, இடுப்பில் வெள்ளைக் கயிறு, காலில் செருப்பு. அந்த நான்கு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளைகள் தமிழ் வாசிக்க மறுப்பது பற்றி வந்த கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு, இந்த மாதம் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

*

டீச்சர், உங்கள் தம்பி நாற்பது வருடமாகச் சபையில் இருந்தும் இன்னும் 'பிரதர்' தானா? ஏன் ஃபாதர் ஆகவில்லை? படிப்பு ஏறவில்லையா?
— வாசகர், ரவாங்

படிப்பு நன்றாகவே வந்தது ஐயா. அவன் ஃபாதர் ஆக வேண்டும் என்று ஆசைப்படவே இல்லை.

இந்தக் கேள்வியை எங்கள் பங்குக் கோவிலிலேயே பலர் கேட்டுவிட்டார்கள். குழப்பம் எங்கே வருகிறது என்றால், பினாங்கு செமினரியில் குருவாகப் படிக்கும் பையன்களையும் நாம் 'பிரதர்' என்றுதான் கூப்பிடுகிறோம். அவர்கள் சில வருடத்தில் பட்டம் பெற்று ஃபாதர் ஆகிவிடுகிறார்கள். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தலை நரைத்த ஒரு பிரதர் பாதி வழியில் நின்றுபோனவராகத் தெரிகிறார்.

அது தவறு. அசிசி நகரத்துப் பிரான்சிஸ், 1209-ல் தன் முதல் தோழர்களோடு ரோமாபுரிக்குப் போய், திருத்தந்தை (போப்) மூன்றாம் இன்னொசென்ட்டிடம் வாய்மொழியாக அனுமதி வாங்கினார். தன் கூட்டத்துக்கு அவர் வைத்த பெயர் 'சிறிய சகோதரர்கள்'. அவரே கடைசிவரை குருவாகவில்லை, குருவுக்கு ஒரு படி கீழே, திருத்தொண்டராக மட்டும் இருந்தார். சகோதரனாக வாழ்வதுதான் அங்கே அழைத்தல். அதற்கு மேல் சிலர் குருப்பட்டமும் பெறுகிறார்கள், சிலர் பெறுவதில்லை. இரண்டு பேரும் எடுக்கும் வார்த்தைப்பாடு ஒன்றேதான்: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல்.

ஜெர்மனியில் ஆல்ட்டோட்டிங் என்ற ஊரில் கொன்ராட் என்று ஒரு சகோதரர் இருந்தார், பிரான்சிஸ் வழியில் வந்த கப்புச்சின் சபைக்காரர். மடத்து வாசலில் மணி அடித்தால் கதவைத் திறப்பது அவர் வேலை. 41 வருடம் அதையே செய்தார். வந்த ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்தார், வந்தவர்களின் கவலையைக் கேட்டார். 1894-ல் இறந்தார். 1934-ல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. ஒரு பிரசங்கம்கூட வைக்காத மனிதர்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குருக்களும் சகோதரர்களும் சேர்ந்து வாழும் இப்படிப்பட்ட சபைகளில், குருவாக இல்லாதவர் தலைவராக முடியாது என்ற நிலைதான் வெகுகாலம் இருந்தது. 2022 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் அதைத் தளர்த்தினார். உரிய அனுமதியோடு ஒரு சகோதரரையும் தலைவராக வைக்கலாம் என்று வழி திறந்துவிட்டார். அந்தச் செய்தி வந்த அன்று தம்பி எனக்கு ஃபோன் செய்தான். "அக்கா, எனக்குப் பதவி வேணாம். ஆனா இது நியாயம்" என்றான்.

*

என் ஒரே மகனுக்கு 24 வயது. டிப்ளோமா முடித்து நல்ல வேலையில் இருக்கிறான். ஆறு மாதமாக சகோதரர்களின் இல்லத்துக்குப் போய்வருகிறான், இப்போது சேரப் போகிறேன் என்கிறான். அவன் அப்பா இறந்துவிட்டார். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் டீச்சர்? கடவுள் கேட்டால் கொடுக்க மாட்டாயா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அழுகையாக வருகிறது. நான் செய்வது பாவமா?
— ஒரு தாய், கிள்ளான்

பாவம் இல்லை அம்மா. அப்படிக் கேட்ட சொந்தக்காரர்கள் தங்கள் பிள்ளைகளைக் கொடுத்தவர்களா என்று தெரியவில்லை. அழுகை வந்தால் அழுங்கள்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்தார். இரண்டு பெண், ஒரு பையன். தம்பிதான் கடைசி. 1986-ல், 22 வயதில், சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். அப்பா கை கழுவிவிட்டு எழுந்து போனார். பிறகு அவனோடு பேசவில்லை. கோலாலம்பூர் ஸ்டேஷனில் இரவு ரயிலில் அவனைச் சிங்கப்பூருக்கு ஏற்றிவிட அம்மாவும் நானும்தான் போனோம். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் கோபம்தான். வயதான காலத்தில் இவர்களை என் தலையில் கட்டிவிட்டுப் போகிறான் என்று நினைத்தேன்.

எட்டு வருடம் கழித்து, 1994-ல் நித்திய வார்த்தைப்பாடு, அதாவது வாழ்நாள் முழுவதற்குமான வார்த்தைப்பாடு. அம்மா கெஞ்சிக் கெஞ்சி அப்பாவைக் கூட்டிவந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். புனிதர்கள் மன்றாட்டு பாடும்போது வார்த்தைப்பாடு எடுப்பவர் தரையில் குப்புற விழுந்து கிடப்பார். தம்பி அப்படிக் கிடந்தபோது அவன் செருப்பின் அடிப்பாகம் எங்கள் பக்கம் தெரிந்தது. இடது செருப்பில் குதிகால் தேய்ந்து, யாரோ ரப்பர் துண்டு வைத்து ஒட்டியிருந்தார்கள். அதுவும் பாதி பிய்ந்திருந்தது. பூசை முடிந்து எல்லோரும் மாலை போட்டு வாழ்த்தினார்கள். அப்பா கிட்டே போய், எட்டு வருடத்தில் முதல்முறையாக வாயைத் திறந்தார். "செருப்பு தேஞ்சு போச்சேடா." மறுநாள் காலை கடை திறக்கும் முன்னாலேயே வாசலில் போய் நின்று ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

அந்த எட்டு வருடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். உங்கள் மகன் நாளைக்குப் போய் மறுநாள் காணாமல் போய்விடுவதில்லை. முதலில் வந்து பார்த்துப் பழகும் காலம். பிறகு சபையோடு தங்கிப் பயிற்சி. பிறகு நவதுறவு, அதாவது வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய பயிற்சி, அது முழுதாகப் பன்னிரண்டு மாதம். அந்தச் சமயத்தில் அவன் எப்போது வேண்டுமானாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம், சபையும் அவனை அனுப்பிவிடலாம். அதற்கு அப்புறம் எடுப்பது தற்காலிக வார்த்தைப்பாடு. திருச்சபைச் சட்டப்படி அது குறைந்தது 3 வருடம், சாதாரணமாக 6 வரை, தேவைப்பட்டால் 9 வரை நீட்டலாம். அதெல்லாம் முடிந்துதான் நித்திய வார்த்தைப்பாடு. தம்பியோடு நவதுறவில் இருந்தவர்களில் நான்கு பேர் இன்று குடும்பஸ்தர்கள். ஒருவர் வருடாவருடம் கிறிஸ்துமஸுக்கு எங்களுக்குப் பலகாரம் அனுப்புகிறார். சபையை விட்டு வந்தவர் என்று யாரும் அவரைத் தாழ்வாகப் பேசியதில்லை.

இப்போது உங்கள் பெரிய கேள்வி. நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். இதை மறைக்காதீர்கள், மகனையும் மறைக்க விடாதீர்கள். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில், கடும் கஷ்டத்தில் இருக்கும் பெற்றோரைக் காப்பாற்ற வேண்டிய பிள்ளையைச் சபையில் சேர்க்கக் கூடாது என்று எழுதியே வைத்திருந்தார்கள். இன்றைய சட்டத்தில் அந்த வரி இல்லை. ஆனால் நல்ல சபையில் அந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்பார்கள். நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள். வீடு யார் பெயரில் இருக்கிறது, கடன் எவ்வளவு, உங்கள் உடம்புக்கு என்ன, மாதம் எவ்வளவு வெள்ளி வேண்டும், எல்லாவற்றையும் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. அவன் சேர்ந்த பிறகு சம்பளம் உங்களுக்கு வராது. அவன் சம்பாதித்தால் அது சபைக்குத்தான் போகும். இதைத் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

எங்கள் அப்பாவுக்கு 2003-ல் வாதம் வந்து படுக்கையில் விழுந்தபோது, தலைவர் தம்பிக்கு மூன்று மாதம் விடுப்பு கொடுத்தார். அவன்தான் குளிப்பாட்டினான், சவரம் செய்துவிட்டான், இரவில் புரட்டிப் படுக்கவைத்தான். நான் பள்ளிக்கூடம் போய்வந்தேன். என் தலையில் கட்டிவிட்டுப் போவான் என்று நினைத்தேனே, அவன்தான் எல்லாம் செய்தான். ஆனால் ஏழு வருடம் கழித்து அம்மா போனபோது அவன் வெளிநாட்டில் இருந்தான். அடக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்தான். இரண்டையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் கதையை மட்டும் சொல்லி உங்களைத் தேற்றினால் அது பொய்.

பேரப்பிள்ளை கிடையாது. எங்கள் அப்பா பெயர் தம்பியோடு முடிகிறது. இதற்கு ஆறுதலாக நான் எதையும் சொல்லப் போவதில்லை.

பிரான்சிஸ் வீட்டிலும் இதே சண்டைதான். அப்பா பியெத்ரோ துணி வியாபாரி, பணக்காரர். மகன் கடைத் துணியை விற்று, இடிந்த கோவிலைச் சரிசெய்யப் பணம் கொடுக்கப் போனதும், பிடித்து வீட்டில் பூட்டிவைத்தார். அவர் வெளியூர் போன நேரத்தில் கட்டை அவிழ்த்துவிட்டது அம்மாதான், பீக்கா என்று பெயர். பிறகு 1206-ல் ஆயர் (பிஷப்) முன்னால் பிரான்சிஸ் போட்டிருந்த துணியையும் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். எல்லோரும் மகனைப் புகழ்கிறார்கள். எனக்கு வயதாக ஆக, அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அப்பாவைத்தான் நினைக்கத் தோன்றுகிறது.

அந்த மகன் பின்னால் தன் சபைக்கு எழுதிய ஒழுங்கை வாசித்தால், வீட்டை அவர் மறக்கவில்லை என்று தெரியும். ஒரு தாய் தன் வயிற்றில் பிறந்த பிள்ளையைப் பேணுவதைவிட அதிகமாகச் சகோதரர்கள் ஒருவரையொருவர் பேண வேண்டும் என்று 1223-ன் ஒழுங்கில் எழுதினார். காட்டு மடங்களில் போய்ச் செபிப்பவர்களுக்கென்று தனியாக ஒரு சிறு குறிப்பும் எழுதினார். மூன்று பேர் அல்லது நான்கு பேராகப் போக வேண்டும், இரண்டு பேர் 'தாய்' ஆக இருந்து மற்றவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் 'பிள்ளை', பிறகு மாறிக்கொள்ள வேண்டும். காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள் என்று நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்களே, அதற்குப் பதில் 800 வருடத்துக்கு முன்னாலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதை எந்த இல்லத்தில் எப்படிச் செய்கிறார்கள் என்று நீங்களே போய்ப் பாருங்கள். ஒரு ஞாயிறு மத்தியானம் சொல்லாமல் போங்கள். சமையலறைக்குள் நுழையுங்கள். உடம்பு முடியாத கிழவர் யாராவது இருந்தால், அவர் அறை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரே பரிசோதனை அதுதான். போய்வந்து எனக்கு எழுதுங்கள், கட்டாயம்.

*

இவர்கள் பிச்சை எடுக்கும் துறவிகள் என்று கேள்விப்பட்டேன். நம்முடைய சந்நியாசிகள் மாதிரியா? நான் இந்து, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.
— வாசகர், ஈப்போ

நல்ல கேள்வி. வீடு வாசலைத் துறந்து ஓடு ஏந்தியவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது எளிதாகவே புரியும்.

பழைய மடத்துத் துறவிகள் ஒரே இடத்தில் இருந்தார்கள். மடத்துக்கு நிலம் இருந்தது, விளைச்சல் இருந்தது. பிரான்சிஸ் அதை வேண்டாம் என்றார். நிலம் வேண்டாம், காசைத் தொடவும் வேண்டாம், உழைத்துச் சாப்பிடு, போதாவிட்டால் வாசலில் போய்க் கேள் என்றார். ஊர் ஊராகப் போனார்கள். அதே காலத்தில் தோமினிக்கும் ஒரு சபை தொடங்கினார், அதற்கு 1216-ல் அனுமதி கிடைத்தது. கார்மேல் சபையும் அகுஸ்தீன் சபையும் இந்த வகையில் சேர்ந்தவைதான்.

இன்று யாரும் ஓடு ஏந்தி வருவதில்லை. காணிக்கை, நன்கொடை, சகோதரர்களின் சம்பளம், எல்லாம் ஒரே பொதுப் பையில் விழுகிறது. தனி வங்கிக் கணக்கில் சேமிப்பு கிடையாது. தம்பிக்குப் புதுக் கண்ணாடி வேண்டுமென்றால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அறுபது வயதில் ஒரு மனிதன் கண்ணாடிக்குக் கேட்டு நிற்பது கஷ்டம் இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். "அதுதான் அக்கா இப்போ பிச்சை" என்றான்.

உங்களுக்குப் பிடிக்கும் ஒரு செய்தி: மோந்தேகொர்வீனோ ஊர் ஜான் என்ற பிரான்சிஸ்கன் துறவி, சீனாவுக்குப் போகும் வழியில், 1290-களின் தொடக்கத்தில் மயிலாப்பூர்ப் பக்கம் 13 மாதம் தங்கினார். தமிழ்நாட்டுக்கும் இவர்களுக்கும் அவ்வளவு பழைய உறவு.

*

நான் சேர விரும்புகிறேன். ஆனால் பிடிபிடிஎன் (அரசாங்கப் படிப்புக் கடன்) பாக்கி இருக்கிறது. தடையா? வயது 26.
— இளைஞர், பட்டர்வொர்த்

வயது பிரச்சினை இல்லை தம்பி. நவதுறவுக்குச் சட்டப்படி 17 நிறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மேல் வரம்பைச் சபைகளே வைத்துக்கொள்கின்றன.

கடன் பிரச்சினைதான். கடனைக் கட்ட வழியில்லாதவரைச் சேர்க்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் நேராகவே சொல்கிறது. சபையின் பொதுப் பையில் இருந்து உங்கள் படிப்புக் கடனைக் கட்டுவது நியாயமா சொல்லுங்கள். வேலையில் இருந்துகொண்டே இரண்டு மூன்று வருடம் கட்டுங்கள், கூடவே சகோதரர்களோடு தொடர்பில் இருங்கள். காத்திருக்கும் அந்த வருடங்களும் வீண் போகாது. அவசரப்பட்டுக் கடனை மறைத்துச் சேர்ந்துவிடாதீர்கள். ஞானஸ்நானம், உறுதிபூசுதல் சான்றிதழ்கள், திருமணம் ஆகவில்லை என்பதற்கான சான்று, இவற்றையும் கேட்பார்கள். இப்போதே பங்கு அலுவலகத்தில் சொல்லிவையுங்கள்.

*

கப்புச்சினோ கோப்பிக்கும் கப்புச்சின் சபைக்கும் சம்பந்தம் உண்டா?
— மாணவி, பூச்சோங்

உண்டு. 1528-ல் பிரான்சிஸ்கன்களில் ஒரு பகுதியினர் இன்னும் கடுமையாக வாழ வேண்டும் என்று தனிச் சபையானார்கள். நீண்ட கூர்த் தொப்பி வைத்த அங்கியால் கப்புச்சின் என்று பெயர் வந்தது. பால் கலந்த கோப்பியின் நிறம் அவர்கள் அங்கி நிறம்.

*

எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். இந்த வாழ்க்கை மேல் ஓர் ஈர்ப்பு. என்னைப் போன்றவர்களுக்கு இடமே இல்லையா?
— வாசகி, பினாங்கு

இருக்கிறது. பிரான்சிஸ் காலத்திலேயே மூன்று வழி இருந்தது. சகோதரர்கள் ஒன்று. 1212-ல் கிளாரா என்ற பெண் வீட்டை விட்டு வந்து சேர்ந்தார், அவர் வழியில் அடைபட்ட மடத்துச் சகோதரிகள் இரண்டு. குடும்பம், தொழில் எல்லாம் வைத்துக்கொண்டே அதே மனத்தோடு வாழ்பவர்கள் மூன்றாவது. அதைத்தான் இன்று பொதுநிலைப் பிரான்சிஸ்கன் சபை என்கிறோம். வார்த்தைப்பாட்டுக்குப் பதில் வாக்குறுதி எடுக்கிறார்கள், மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். நான் பதினைந்து வருடமாக அதில் இருக்கிறேன்.

சகோதரிகள் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பெட்டாலிங் ஜெயாவில் அசுந்தா மருத்துவமனையில் பிறந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதைத் தொடங்கிய 'மரியாவின் பிரான்சிஸ்கன் மறைப்பணியாளர்' சபை 1877-ல் பிறந்தது எங்கே தெரியுமா? நம் ஊட்டியில். அசுந்தா என்பது அந்தச் சபையின் ஓர் இளம் சகோதரி பெயர். சீனாவில் நோயாளிகளோடு இருந்து, காய்ச்சல் கண்டு 1905-ல் இறந்தார். அவரும் பெரிய பதவி எதுவும் பார்த்ததில்லை. சமையல், துணி துவைப்பது, கோழி வளர்ப்பது, அதுதான் அவருக்குத் தெரிந்தது.

*

உங்கள் தம்பி ஒரு நாள் முழுக்க என்னதான் செய்வார்? செபம் மட்டும்தானா?
— வாசகர், செத்தாப்பாக்

அவன் இல்லத்தில் நான் ஒருமுறை நான்கு நாள் தங்கினேன். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

காலை ஆறு மணிக்குச் சிற்றாலயத்தில் 'காலைப் புகழ்' என்ற செபம். பாதி பேர் ஒரு பக்கம், பாதி பேர் எதிர்ப்பக்கம், பைபிளில் உள்ள சங்கீதங்களை மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். கொஞ்ச நேரம் மௌனம். பூசை. அப்புறம் ரொட்டியும் கோப்பியும். பிறகு ஆளுக்கொரு வேலை. ஒருவர் சிறைச்சாலைக்குப் போகிறார், ஒருவர் பங்கு வேலைக்கு, ஒருவர் வகுப்புக்கு. தம்பி ஒயர்மேன் வேலை கற்றவன், அதனால் விசிறி, பம்பு, கோவில் ஒலிபெருக்கி எல்லாம் அவன் தலையில். மத்தியானம் பாசாருக்குப் போய் மீன் பேரம் பேசுகிறான். மாலைப் புகழுக்கு எல்லோரும் மறுபடி கூடுகிறார்கள். யாராவது பிந்தினால் அவர் இடம் காலியாகத் தெரியும்.

குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. யார் எந்த நாள் சமையல், யார் பாத்திரம், யார் கழிவறை. சனிக்கிழமைக் கழிவறைக்கு எதிரே இல்லத் தலைவரின் பெயர் இருந்தது. தலைவரை இவர்கள் 'மினிஸ்டர்' என்று சொல்வதும் உண்டு. மந்திரி என்று நினைத்துவிடாதீர்கள், லத்தீனில் அதற்கு ஊழியர் என்று அர்த்தம்.

சண்டையும் உண்டு. ஒருவருக்குக் காரம் ஆகாது, ஒருவர் விடிய விடிய விளக்கை எரியவிடுவார், ஒருவர் பேசவே மாட்டார். காசில்லாமல் இருப்பதைவிட இதுதான் கடினம் என்பான் தம்பி. கூடப்பிறந்தவனைப் போலவே, கூட வாழ்பவனையும் தேர்ந்தெடுக்க முடியாது. மனத்தாங்கல் ஆன இருவர் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே பேசித் தீர்த்ததை நான் பார்த்தேன். பெரிய வார்த்தை எதுவும் இல்லை. "நீ சொன்னது சரிதான்" என்றார் ஒருவர். மற்றவர் கத்தியை அவர் பக்கம் நகர்த்திவைத்தார்.

போன மாதம் வந்தபோது அவன் இடுப்புக் கயிற்றைத் துவைக்கப் போட்டேன். அதில் மூன்று வார்த்தைப்பாட்டுக்கும் மூன்று முடிச்சு, ஒவ்வொன்றுக்கும் நான்கு சுற்று. அழுக்கெல்லாம் முடிச்சுக்குள்தான் இருந்தது. பழைய பல் தேய்க்கும் பிரஷ் வைத்துத் தேய்த்தேன். ஈரத்தில் முடிச்சு இளகும் என்று பார்த்தால் இன்னும் இறுகிவிட்டது. எங்கள் பிளாட்டின் பின்பக்கக் கொடியில், துண்டுக்கும் பேத்தியின் பள்ளிச் சீருடைக்கும் நடுவில் காயப்போட்டேன். எதிர்வீட்டு மக்சிக், மலாய்க்கார அம்மா, எட்டிப் பார்த்து, இது என்ன கயிறு என்று கேட்டார். சொன்னேன். மறுநாள் ஒரு தட்டில் குவே பலகாரம் கொண்டுவந்து அவனிடம் கொடுத்துவிட்டு, அடுத்தது எப்போது வருவாய் என்று கேட்டார். டிசம்பரில் என்றான்.